கடன் கொப்பியும் ஒற்றை நட்சத்திரமும்

நான் தமிழ் படிப்பிக்கும் வாத்தியார். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதப் பழக்குவதும் என் வேலையில் சேர்ந்ததுதான். “உமது ஊர்ப் பாதையின் சீர்கேட்டைச் சுட்டிக்காட்டிப் பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதுக.” விலாசம் எங்கே, திகதி எங்கே, விளிப்பது எப்படி, நடந்தது என்ன, கேட்பது என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். கோபத்தைக் கொட்டி எழுதுகிற பிள்ளையின் கொப்பியில் சிவப்பு மையால் ‘நிதானம்’ என்று எழுதிப் புள்ளியைக் குறைப்பேன்.

ஆனால் இந்த வயதுவரை ஒரு முறைப்பாட்டுக் கடிதமாவது நான் எழுதி அனுப்பியதில்லை. எழுதியதெல்லாம் பேஸ்புக்கில்தான். அங்கே திகதியை அவர்களே போட்டுவிடுவார்கள். விளிப்பது “அடேய்” என்று தொடங்கும். நடந்தது கொஞ்சமும் நடக்காதது கொஞ்சமுமாக நாலு பந்தி ஓடும். கேட்பது என்ன என்ற இடம் மட்டும் எப்போதும் காலியாகவே கிடக்கும்.

ராகலை டவுனில் என்னைப் பார்க்கிறவர்கள் ‘பாவம், வாயில்லாத சேர்’ என்பார்கள். கண்டக்டர் மிச்சக் காசு தராவிட்டால், கந்தப்பளை தாண்டி நுவரெலியா போய்ச் சேரும்வரை ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே போகிற ஆள் நான். அதே ஆள் இரவுச் சாப்பாடு முடிந்து கம்பளிக்குள் போனோடு புகுந்துவிட்டால், கம்பெனி கம்பெனியாகப் பிடித்து உலுக்குவேன். பேஸ்புக்கில் நான் புலி என்றோ சிங்கம் என்றோ சொல்லிக்கொள்ள ஆசைதான். இந்த நாட்டில் இரண்டுமே யோசித்து வாயில் எடுக்க வேண்டிய மிருகங்கள். கரடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரடியின் வரலாற்றில் முதலிடம் ஒரு மழைக்கோட்டுக்கு. பேஸ்புக் விளம்பரத்தில் பார்த்து, கொழும்புக் கம்பெனி ஒன்றிடம் வாங்கியது. விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு நீர்வீழ்ச்சிக்கு அடியில் நின்று சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பை நம்பினேன். வடகீழ்ப் பருவமழை இறங்கிய ஒரு காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கோட்டின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தது, உள்ளே நான் நனைந்திருந்தேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு அதைவிட நேர்மையானது.

அன்றிரவு எழுதினேன். “வோட்டர் புரூப் என்று விற்றவனே, ராகலைக்கு வா. இதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் எங்கள் பஸ் தரிப்பிடத்தில் நில். உன் புரூப் எது, வோட்டர் எது என்று நீயே சொல்.” எழுதி முடித்ததும் உடம்பில் ஒரு சூடு பரவியது. கோட்டு தராத சூடு. விருப்பங்கள் ஏற ஏற, எழும்பி உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். பழைய மாணவன் ஒருவன் கீழே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தான்: “நிதானம், சேர்.”

மறுநாள் கம்பெனி பதில் போட்டது. “அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிரோம். ஓடர் இலக்கத்தை இன்பொக்ஸ் செய்யவும்.” புத்தியுள்ளவன் இலக்கத்தை அனுப்பியிருப்பான். நான் தமிழ் வாத்தியார். ‘வருந்துகிரோம்’ என்பதில் இருந்த இடையின ரகரத்தைப் பிடித்துக்கொண்டேன். “முதலில் றகரம் எழுதப் பழகுங்கள், பிறகு கோட்டு தைக்கலாம்” என்று பதில் எழுதினேன். அதற்கு முதல் பதிவைவிட அதிக விருப்பங்கள் விழுந்தன. அந்த வெற்றியில் சில நாட்கள் மிதந்துவிட்டு, இலக்கத்தைத் தேடியபோது, பார்சல் சுற்றி வந்த கடதாசியை வைத்து மனைவி அடுப்புப் பற்றவைத்திருந்தாள். பில்லும் அதோடு போயிருந்தது. கோட்டு இன்றைக்கும் எங்கள் விறகுக் குவியலை மூடிக் கிடக்கிறது. விறகும் நனைகிறது.

நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டம் உண்டு என்பதை நான் அறிந்துகொண்டது வெகு காலம் கழித்து, அதுவும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைத் தலைப்புத் தேடும்போது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். நிர்ணயித்த தரத்தில் பொருள் இல்லாவிட்டாலும், கொடுத்த உத்தரவாதத்தைக் காப்பாற்றாவிட்டாலும் அதிகார சபைக்கு முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். விலாசம், திகதி, நடந்தது, கேட்பது. வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதுகிற அதே கடிதம். தவிசாளருக்குப் பதிலாக அதிகார சபை என்று மாற்றியிருந்தால் போதும். நான் புள்ளி குறைத்த பிள்ளைகள் எவராவது இதைப் படித்தால், தயவுசெய்து பழிவாங்க வேண்டாம்.

ஒரு கோட்டுக்காக ஏன் அவ்வளவு ஆத்திரம்? முதுகு நனைவது மலையகத்தானுக்குப் புதிதல்ல. யோசித்துப் பார்த்தால், அந்தக் கோட்டை வாங்கிய கையோடு ஆசிரியர் அறையில் அதைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன். என் பேச்சைக் கேட்டு உயர்தர வகுப்பு ஆசிரியர் ஒருவரும் வாங்கிவிட்டார். அவரும் நனைந்தார். கம்பெனி என் முதுகை நனைத்ததை மன்னித்திருப்பேன். என் வாக்கை நனைத்ததை மன்னிக்க முடியவில்லை. யானி கிரெகுவா, ராபர்ட் ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் சொல்கிறது: ஒரு கம்பெனியோடு நெருக்கமாக இருந்த வாடிக்கையாளர், தனக்குத் துரோகம் நடந்துவிட்டதாக நினைத்துவிட்டால், அவரே அதன் மிக மோசமான எதிரியாகிவிடுவார். சும்மா வாங்கிப்போகிறவன் சும்மா போய்விடுவான். சொந்தம் கொண்டாடியவன்தான் வாசலில் நின்று கத்துவான். கல்யாண வீட்டில் இலை போடவில்லை என்று எழும்பிப் போகிறவர் எப்போதும் நெருங்கிய சொந்தக்காரராகவே இருப்பதைக் கண்ட நமக்கு, இதைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை.

அடுத்த காரணம் இன்னும் வெட்கக்கேடு. எங்கள் பாடசாலை நூலக அலுமாரியில் புத்தகத்தைவிட ஒட்டடை அதிகம் என்று ஒருமுறை மனம் நொந்து எழுதினேன். பத்துப் பேர் கூடப் பார்க்கவில்லை. கோட்டுப் பதிவோ காட்டுத்தீ. ஜோனா பெர்கர், கேத்ரின் மில்க்மன் இருவரும் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை எடுத்து, எவை அதிகம் பகிரப்பட்டன என்று பார்த்தார்கள். 2012இல் வந்த அந்த ஆய்வின்படி, கோபமும் பதற்றமும் வியப்பும் ஊட்டுகிறவை ஓடுகின்றன. துக்கம் ஊட்டுகிறவை தங்கிவிடுகின்றன. கோபம் ஆளை எழுப்பி நடக்கவைக்கும், துக்கம் உட்காரவைக்கும். இதைப் படித்த பிறகு நான் திருந்தியிருக்க வேண்டும். மாறாக, அடுத்த துக்கத்தை எப்படிக் கோபமாக எழுதலாம் என்று பழகிக்கொண்டேன்.

எங்கள் முன்னோர்கள் இதைவிட நன்றாகவே கோபப்பட்டார்கள். தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள். ஏமாற்றியவனைக் கேட்க நாதியில்லாதவர்கள், ஒரு நாணயத்தைத் துண்டாக வெட்டி, ‘நீயே கேளு தாயே’ என்று வழக்கை அம்மனிடம் ஒப்படைத்துவிட்டு வருவது. இங்கே தென்கரையில் சீனிகம தேவாலயத்தில் களவு கொடுத்தவர்கள் அம்மியில் மிளகாய் அரைத்துச் சாபம் போடுகிறார்கள். இரண்டு இடத்திலும் இழந்த பொருள் திரும்பி வரும் என்று யாரும் பை எடுத்துக்கொண்டு போவதில்லை. தன்னைவிடப் பெரிய ஒருவர் கேட்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்பதுதான் விஷயம். கம்பெனியின் பக்கத்தில் நான் குத்திய ஒற்றை நட்சத்திரமும் வெட்டிய காசுதான். காளிக்குப் பதிலாக ஊர் உலகம்.

ஒரு வித்தியாசம் உண்டு, அது எனக்குச் சாதகமாக இல்லை. காசு வெட்டப் போகிறவர் பஸ் பிடித்து, குளித்து முழுகி, பயந்து பயந்து போகிறார். பொய்யாகச் சாபம் போட்டால் அது தன் தலையிலேயே திரும்பி விழும் என்ற நடுக்கம் அவருக்கு உண்டு. ஆகவே வெட்டுமுன் இரண்டு தடவை யோசிப்பார். கம்பளிக்குள் கிடந்து நட்சத்திரம் குத்துகிறவனுக்கு எந்தச் செலவும் இல்லை, எந்தப் பயமும் இல்லை. ஒருமுறை, ஒரே மாதிரிப் பெயர் கொண்ட வேறு கம்பெனியின் பக்கத்துக்குப் போய்த் திட்டிவிட்டு வந்தேன். அவர்கள் விற்பது தண்ணீர்ப் பம்பு. “ஐயா, நாங்கள் உடுப்பு விற்பதில்லை” என்று பணிவாகப் பதில் போட்டிருந்தார்கள். காளி கோயிலில் இப்படி ஆள் மாறிக் காசு வெட்டியிருந்தால் நான் இன்று இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாமே, எதற்கு இந்தக் கூப்பாடு என்று கேட்கலாம். அல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் இதே கேள்வியை வைத்து ஒரு நூல் எழுதினார். பிடிக்காத இடத்தில் மனிதனுக்கு இரண்டு வழி: விலகிப் போவது, இல்லையென்றால் குரல் கொடுப்பது. அவருக்கு இந்த யோசனை வந்தது நைஜீரிய ரயிலைப் பார்த்து. அங்கே லொறிகள் வந்ததும், ரயிலைக் கேள்வி கேட்கக்கூடிய வியாபாரிகள் எல்லாரும் லொறிக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத ரயில் மேலும் மேலும் மோசமானது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ரயில் ஞாபகம் வந்தது. ராகலைக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது என்றால் என் மாணவர்கள் நம்புவதில்லை. 1900களின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இங்கே வரை ஒடுங்கிய பாதை போட்டு, தேயிலை ஏற்றினார்கள். தெருவில் லொறி ஓடத் தொடங்கியதும் அது இளைத்து, 1940களில் நின்றேவிட்டது. ரயில் போனதற்கு ஒருவரும் பதிவு போடவில்லை. அந்தக் காலத்து எங்கள் ஆட்களுக்கு விலகிப் போக இடமும் இல்லை, கொடுக்கிற குரலைக் கேட்க ஆளும் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தோடு வாக்கும் போனது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். மேலே சொன்ன நுகர்வோர் சட்டமும் அதே 2003. எங்களில் சிலர் ஒரே வருடத்தில் பிரஜையும் ஆனார்கள், நுகர்வோரும் ஆனார்கள். இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டு எழும்புவது என்று தெரியாமல் நாங்கள் போனைப் பிடித்துக்கொண்டோம்.

அந்தப் போனும் அப்படித்தான். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரு கம்பெனிக்கு மட்டும். அதுவும் பின்பக்கத்து ஆனைக்கொய்யா மரத்தடியில். அந்தக் கம்பெனியை நான் திட்டாத திட்டில்லை. திட்டுவதற்கும் அந்த மரத்தடிக்கே போய், அவர்களுடைய டேட்டாவிலேயேதான் திட்ட வேண்டும். விலக வழியில்லாதவனின் குரல் அப்படித்தான் உரக்க வரும். ஒரு நாள் கோபம் முற்றி, வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். “தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள்” என்றது. அழுத்தினேன். பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் குரல் சிங்களத்தில் “கியன்ன சேர்” என்றது. நாட்டின் இரண்டாவது அரசகரும மொழி, 13ஆவது திருத்தம், 1987 என்று வகுப்பில் முழங்குகிற நான் என்ன செய்தேன்? எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், குரலைக் குழைத்து, தயவுசெய்து என்பதற்கு ‘கருணாகரலா’ என்று இரண்டு தடவை சேர்த்துச் சொல்லி, நன்றியும் சொல்லி வைத்தேன். வைத்த கையோடு மரத்தடியில் நின்று, மொழியுரிமை பற்றி ஆறு பந்திப் பதிவு எழுதினேன். சிக்னல் அன்றைக்கு அபாரமாக இருந்தது.

2021 ஒக்டோபரில் தமிழ்நாட்டில் நடந்ததை நான் அத்தனை ஆசையோடு பின்தொடர்ந்ததற்கும் இதுதான் காரணம். சொமேட்டோவில் சாப்பாடு வரவழைத்த ஒருவருக்குப் பொதியில் ஒரு பொருள் குறைந்திருந்தது. காசைத் திருப்பிக் கேட்டார். மறுமுனையில் இருந்த ஊழியர், ஹிந்தி தேசிய மொழி, எல்லாரும் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னார். அந்த உரையாடலை வாடிக்கையாளர் படமெடுத்துப் போட்டதும் நாடே கொதித்தது. ‘ரிஜெக்ட் சொமேட்டோ’ என்ற சொல் டுவிட்டரில் முன்வரிசைக்கு ஏறியது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. கோயம்புத்தூரில் தமிழுக்கென ஒரு சேவை மையம் கட்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னது. காணாமல் போன சாப்பாட்டை அதற்குள் எல்லாரும் மறந்திருந்தார்கள். பொருள் குறைந்தால் மனிதன் முணுமுணுப்பான். ஆளைக் குறைத்துப் பேசினால்தான் ஊரைக் கூட்டுவான். நானும் இங்கிருந்து, எங்கள் ஊரில் சேவையே இல்லாத அந்தக் கம்பெனியை நிராகரிப்பதாக அறிவித்தேன். நான் செய்த நிராகரிப்புகளில் செலவே இல்லாதது அது.

அந்தக் கதையின் மறுபாதியை நான் அப்போது பகிரவில்லை. கம்பெனி மன்னிப்போடு சேர்த்து, அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியதாகவும் சொன்னது. சில மணித்தியாலங்களில் நிறுவனர் தீபிந்தர் கோயல், இதற்காக மட்டும் அவரை நீக்கியிருக்கக் கூடாது, திரும்ப எடுக்கிறோம் என்றார். சேவை மையங்களில் இருப்பவர்கள் இப்போதுதான் தொழில் பழகும் இளைஞர்கள் என்றும் சொன்னார். அந்தச் சில மணித்தியாலம் அந்த ஊழியரின் வீட்டில் எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க வைத்தவன் என் அக்கா மகன்.

அவன் கொழும்பில் ஒரு கம்பெனியில், பேஸ்புக் பக்கத்துக்கு வருகிற தமிழ் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிறான். எங்கள் லயத்துப் பிள்ளைகள் முன்பு கொழும்புக்குப் புடவைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போனார்கள். இப்போது கொஞ்சப் பேர் கதிரையில் உட்கார்ந்து திட்டு வாங்கப் போகிறார்கள். தீபாவளிக்கு வந்திருந்தவனிடம் என் கோட்டுப் பதிவைப் பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டான்.

“மாமா, இது எங்க போகும்னு நெனச்சி எழுதுனீங்க?”

“கம்பெனிக்குத்தான்டா.”

“கம்பெனிக்கெல்லாம் போகாது மாமா. என்ன மாதிரி ஒருத்தனோட ஸ்கிரீனுக்குத்தான் போகும். மொதலாளி இதப் பாக்கவே மாட்டாரு. நம்பர் இருக்கா, போட்டோ இருக்கா, என்ன கேக்குறாங்கன்னு நாங்க பாப்போம். இருந்தா மேல அனுப்புவோம். இல்லாட்டி ‘வருந்துகிறோம்’தான்.”

“அதுலயும் ஒருத்தன் சின்ன ர போட்டிருக்கான் பாரு.”

“ஒரு நாளைக்கு எத்தன ‘வருந்துகிறோம்’ அடிக்கிறோம்னு தெரியுமா? எனக்கும்தான் பெரிய ற எங்க வரும்னு இன்னும் சரியாத் தெரியாது. நீங்கதானே மாமா படிப்பிச்சீங்க?”

அதற்குப் பிறகு பண்டிகைப் பலகாரம் எனக்கு இறங்கவில்லை.

பிராண்டு என்று நாங்கள் திட்டுகிறோம். பிராண்டுக்குக் காது கிடையாது. அந்தத் திட்டு இறங்கி இறங்கி, கடைசிப் படியில் நிற்கிற சம்பளக்காரனின் காதில்தான் விழும். இதை மற்ற யாரையும்விட நாங்கள் நன்றாக அறிந்திருக்க வேண்டும். சிலோன் டீ என்பது சிங்க இலச்சினை போட்ட உலகப் பிராண்டு. வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்றில், எங்கள் பக்கத்து உடப்புசல்லாவைத் தேயிலைக்கு ஒருவர் போட்டிருந்த மதிப்புரையைப் பார்த்தேன்: இலை நன்று, பெட்டி நசுங்கி வந்தது, இரண்டு நட்சத்திரம். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டது. அந்த மனிதரின் பெட்டி நசுங்கியதற்கும் எங்கள் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று பதில் எழுதப் போனேன். எழுதும்போதுதான், என் கோட்டைத் தைத்த பெண்ணும் எங்கோ ஒரு லைனில் உட்கார்ந்து இதையே கேட்டிருப்பாளோ என்று தோன்றியது. பதிலை அழித்தேன். கோட்டுப் பதிவை அழிக்கவில்லை. விருப்பங்கள் நிறைய இருந்தன.

இவ்வளவும் சொன்னதால், வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது என்று நான் உபதேசிப்பதாக நினைக்க வேண்டாம். 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் எரிவாயு அடுப்புகள் வெடித்தபோது, ஜனங்கள் சிதறிய கண்ணாடியையும் கருகிய சுவரையும் படமெடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். விஷயத்தை மூடி மறைக்க முடியாமல் போனதில் அந்தப் படங்களுக்கும் பங்குண்டு. புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கிற விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. அவை உயிர் காக்கப் போட்ட சத்தங்கள். நானும் அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பகிர்ந்தேன். சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்கும் முறையையும் ஊருக்கெல்லாம் சொன்னேன். எங்கள் வீட்டுக் குழாயில் நுரை பூசிப் பார்த்தது மனைவி. ரப்பர் வெடித்திருந்தது. “ஊருக்குச் சொன்னது போதும், போய் ஒரு குழாய் வாங்கிட்டு வாங்க” என்றாள்.

மறு வருடம் சிலிண்டரே இல்லாமல் போனது. வீதி நீளத்துக்கு வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. அந்த மாதங்களில் எரிவாயுவைத் திட்டி நான் ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதற்கும் வீட்டில் ஒரு சிலிண்டர் இருக்க வேண்டும். கடைசியில் ஒன்று கிடைத்தபோது, முந்திய வருடம் கொலைகாரன் என்று நான் எழுதிய அதே சிலிண்டரை, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். மனைவி சந்தனப் பொட்டு வைத்தாள். விளையாட்டுக்குத்தான் வைத்தாள் என்று நினைக்கிறேன்.

என் அம்மா கொழுந்து பறித்தவள். பேஸ்புக்கைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழிப்பார்கள். வெயில் அடிக்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கேட்பாளாம்: “அய்யா, இன்னிக்கு மழ எங்கங்க பேஞ்சிச்சி?” சில நாள் கழித்ததைக் கூட்டி எழுதுவார்கள். சில நாள் அடுத்த பிரட்டில் வேலை பிரிக்கும்போது அவளைக் கல்லும் அட்டையும் நிறைந்த மலைக்கு அனுப்புவார்கள். அவளுடைய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விலை இருந்தது. அவள் அதைக் கொடுத்தே கேட்டாள். அவள் பெற்ற பிள்ளைக்கு விலையில்லாத இடத்தில் மட்டுமே வாய் திறக்கிறது.

இந்த உண்மையை என் முகத்தில் அறைந்தது ஒரு பால்மாப் பக்கெட். டவுனில் நாங்கள் கடன் கொப்பிக்குச் சாமான் எடுக்கிற கடையில் வாங்கியது. பிரித்த பிறகுதான் மனைவி திகதியைப் பார்த்தாள். காலாவதியாகிப் பல வாரம்.

“கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க.”

“பாக்கலாம்.”

“என்ன பாக்கலாம்? கொழும்புக் கம்பெனிய அந்தக் கிழி கிழிச்சீங்களே, அந்த வாய இந்தக் கடைக்குக் கொண்டு போங்க.”

போகாததற்கு நான் சொன்ன காரணம், அவர் நல்ல மனிதர், மனம் நோகும் என்பது. சொல்லாத காரணம் கொப்பி. 2022இல் சம்பளம் பத்தாம் திகதிக்கே தீர்ந்த மாதங்களில் அந்தக் கடைதான் எங்களுக்கு அரிசியும் மாவும் கொடுத்தது. அந்தப் பாக்கி இன்னும் முழுதாகத் தீரவில்லை. கடன் இருக்கிற இடத்தில் நுகர்வோர் உரிமை பேச நாக்கு எழும்புமா? கொழும்புக் கம்பெனிக்கு நான் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவேதான் அவர்களிடம் அவ்வளவு நீதி பேசினேன். நான் திட்டிய பட்டியலை எடுத்துப் பார்த்தால், என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வி கேட்கக்கூடியவர் ஒருவரும் அதில் இல்லை.

கடைசியில் மனைவி பக்கெட்டைப் பையில் போட்டு, பையை என் கையில் கொடுத்து, கதவையும் சாத்திவிட்டாள். கடையில் கூட்டம் வடியும்வரை வெளியே லீக்ஸ் ஏற்றுகிற லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய், கரும்பலகையில் எழுதுகிற ஒழுங்கை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். விளித்தல், நடந்தது, கேட்பது.

“மொதலாளி, இந்தப் பால்மா… போன வாரம் எடுத்தது… திகதி கொஞ்சம்…”

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ராக்கையிலிருந்து புதுப் பக்கெட் ஒன்றை எடுத்து, அதன் திகதியைத் தானே வாசித்துக் காட்டி, என் பக்கம் தள்ளினார்.

“அன்னைக்கே கொண்டாந்திருந்தா லொறிக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்திருப்பேனே சேர். இன்னும் எத்தன பேருக்கு இதுல போச்சோ. சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்.”

இவ்வளவுதானா என்று இருந்தது. நன்றி சொல்லித் திரும்பினேன்.

“சேர்…” என்றார். கொப்பியை விரித்திருந்தார். “வந்தது வந்தீங்க. இதையும் ஒருக்காப் பாத்துருவமா?”

நான் பயந்தது வீண்பயம் இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்தேன். மிச்சத்துக்குத் திகதி கேட்டார், சம்பளத் திகதியைச் சொன்னேன். அதையும் கொப்பியில் எழுதி, எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். கோபப்படவில்லை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பரீட்சைத் தாளாக இருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பேன். அந்தக் கடைக்கு மதிப்புரை எழுதச் சொன்னால் இப்போதே ஐந்து நட்சத்திரம் குத்துவேன். அவர் எனக்கு எத்தனை போடுவார் என்று கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.